கிண்டிலில் தமிழ் வாசிக்க: முதலில் எழுத்தா, படமா என்று பாருங்கள்

திருகோணமலையில் எனக்குத் தெரிந்து கிண்டிலோ கோபோவோ போன்ற மின்னூல் வாசிக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு, அது பெரும்பாலும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ லீவில் வந்த சொந்தக்காரரின் பெட்டிக்குள் இருந்துதான் வந்திருக்கும். சார்ஜ் ஏற்றி, ஆங்கில நாவல் ஒன்றில் நாலைந்து பக்கம் தட்டிப் பார்ப்பார்கள். நன்றாக இருக்கும். அப்புறம் தமிழ்ப் புத்தகம் ஒன்றை ஏற்றினால் எழுத்து எறும்பளவில் தெரியும், அல்லது கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும். அதோடு கருவி அலுமாரிக்குள் போய்விடும்.

கருவியில் பிழை இல்லை. தமிழ்ப் புத்தகங்கள் இணையத்தில் வெவ்வேறு விதமாகக் கிடக்கின்றன. கையில் இருப்பது எந்த விதம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றுவதில்தான் சிக்கல்.

படி 1: ஒரு சொல்லை அழுத்திப் பிடியுங்கள்

தரவிறக்கிய கோப்பை முதலில் போனிலோ கணினியிலோ திறந்து, நடுப்பக்கத்தில் ஒரு சொல்லை அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல் மட்டும் தெரிவாகி, அதை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது தமிழாகவே வந்தால் அது எழுத்துக் கோப்பு. யோகம்தான்.

எதுவுமே தெரிவாகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். நீங்கள் பார்ப்பது எழுத்தை அல்ல, எழுத்தின் புகைப்படத்தை.

மூன்றாவது விதம் இலங்கையில் அதிகம். சொல் தெரிவாகும், ஆனால் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் கொட்டும். ‘தமிழ்’ என்ற சொல்லை ஒட்டிப் பார்த்தால் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்தால் அது பாமினி எழுத்துரு. நம்முடைய அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் ஓடியது அதுதான். கோயில் மலர், பாடசாலை மலர், நினைவு மலர் எல்லாம் பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கும்.

படி 2: எழுத்துக் கோப்பைக் கருவிக்குள் ஏற்றுவது

இலவசமாகவும் சட்டப்படியும் தமிழ்ப் புத்தகம் எடுக்க நல்ல இடங்கள் உண்டு. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம், திருமுறைகள், புராணங்கள், பழைய உரைநடை என்று ஏராளம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இக்கால எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, பகிர அனுமதிக்கும் உரிமத்தில் தந்த நூல்கள் இருக்கின்றன. அங்கே ஒரே நூலுக்கு ஈபப், மொபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று பல வடிவங்கள் இருக்கும். எழுத்தின் அளவுக்கேற்ப வரி மடங்கும் மின்னூல் வடிவமான ஈபப்பை மட்டும் எடுங்கள். பிடிஎஃப் எழுத்துக் கோப்பாக இருந்தாலும் அதன் பக்கம் உறைந்து போனது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்காது.

கிண்டிலுக்கு அனுப்ப மின்னஞ்சல் போதும். ஒவ்வொரு கிண்டிலுக்கும் ஒரு முகவரி உண்டு. அமேசான் கணக்கின் அமைப்புகளில் தனிப்பட்ட ஆவணங்களுக்கான பகுதியில் அது இருக்கும். அதே இடத்தில், அனுமதிக்கப்பட்ட அனுப்புநர் பட்டியலில் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். ‘அனுப்பினேன், வரவில்லை’ என்று என்னிடம் வருபவர்களில் பலர் இந்தப் பட்டியலைப் பார்த்ததே இல்லை. பிறகு ஈபப்பை இணைத்து அனுப்ப வேண்டியதுதான். 2022 முதல் கிண்டில் இந்த வழியில் ஈபப்பை ஏற்கிறது. மொபியை இப்போது அனுப்ப முடியாது. யூடியூபில் கிடக்கும் பழைய விளக்கங்கள் இன்னும் மொபிக்கு மாற்றச் சொல்கின்றன, விட்டுவிடுங்கள்.

கோபோவுக்கு இதுவும் வேண்டாம். கேபிளால் கணினியில் செருகி, பென் டிரைவில் போடுவது போல ஈபப்பைப் போட்டுவிட்டு, முறைப்படி துண்டித்து எடுங்கள்.

படி 3: எழுத்துருவும் வரி அமைப்பும்

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். வாசிப்பு இனிக்கிறதா கண் எரிகிறதா என்பது இங்கேதான் முடிவாகிறது.

நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் இலவசம். தரவிறக்கி, கருவியைக் கேபிளில் செருகினால் தெரியும் ‘ஃபொன்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் போடுங்கள். கிண்டிலில் அந்த ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும். கோபோவில் இல்லாவிட்டால் அதே பெயரில், ஆங்கிலச் சிறிய எழுத்தில், நீங்களே உருவாக்கலாம். இந்தக் கருவிகளின் மின்மைத் (இ-இங்க்) திரையில் எனக்குப் பிடித்தது சான்ஸ்தான். செரிஃப் அழகு, ஆனால் அதன் மெல்லிய கோடுகள் சாம்பல் திரையில் மங்கிவிடும். அதுதான் வேண்டுமென்றால் எழுத்தின் தடிப்பை ஒன்றிரண்டு படி கூட்டுங்கள்.

அடுத்தது பலர் தொடாத ஒன்று: வரிகளை இரு பக்கமும் சமமாக இழுத்துப் பிடிக்கும் அமைப்பு. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே சொல் பாதி வரியை அடைத்துக்கொள்ளும். அது அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிஞ்சிய மூன்று சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய பள்ளம் விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டிய வரிகளுக்கு மாற்றுங்கள். ஓர விளிம்பைக் குறையுங்கள், வரி இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள். கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீளும் எழுத்துக்கு மூச்சு விட இடம் வேண்டும்.

கோபோவில் எழுத்துரு போட்ட பிறகும் கொம்பு பிரிந்து நின்றால் கோரீடர் என்ற இலவச வாசிப்புச் செயலியை நிறுவுங்கள். தமிழ் எழுத்துகளை அது ஒழுங்காகச் சேர்த்துக் காட்டும். கிண்டிலில் கோரீடர் போட வேண்டுமானால் கருவியின் பூட்டை உடைக்க வேண்டும். புதியவர்களுக்கு அந்த வேலை வேண்டாம்.

படி 4: ஸ்கேன் புத்தகம், அதாவது நூலகம் தளம்

ஈழத்து எழுத்து என்றால் நூலகம் தளத்துக்குத்தான் போக வேண்டும். 2005 இல் தொடங்கிய அந்த முயற்சியில் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் எல்லாம் ஸ்கேனாகச் சேர்ந்திருக்கின்றன. தேடல் கட்டத்தில் ‘திருகோணமலை’ என்று போட்டுப் பாருங்கள், ஒரு மழைக்காலத்துக்குத் தேவையானது கிடைக்கும். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் 1895 ஆம் ஆண்டின் ‘மோகனாங்கி’யை எழுதிய த. சரவணமுத்துப்பிள்ளை நம் ஊர்க்காரர். அவர் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

ஆனால் அந்தக் கோப்புகள் படங்கள். 6 அங்குலத் திரையில் அப்படியே திறந்தால் கண்தான் போகும். சுலபமான வைத்தியம், கருவியைக் குறுக்காகப் பிடிப்பது. பக்கத்தின் அகலம் திரையின் நீளத்துக்கு விரியும்; ஒரு பக்கத்தை இரண்டு தட்டில் வாசிக்கலாம். கிண்டிலில் பிடிஎஃப் திறந்திருக்கும்போது மாறுநிலையைக் கூட்டும் அமைப்பும் உண்டு; மங்கிய பழைய தாளுக்கு அது நன்றாகக் கை கொடுக்கும்.

இன்னும் நன்றாக வேண்டுமென்றால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போடுங்கள். பக்கத்தைப் படமாகவே எடுத்து, சொல் சொல்லாக வெட்டி, சிறிய திரைக்கு ஏற்ற வரிகளாக மறுபடி அடுக்கித் தரும். எழுத்தை அது வாசிப்பதில்லை. சொற்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடத்தைத்தான் தேடுகிறது. அதனால் தமிழா சிங்களமா என்ற கவலை அதற்கு இல்லை. இரண்டு பத்தியாக அச்சான சஞ்சிகை என்றால் இரு பத்தி முறையைத் தெரிவு செய்யுங்கள். மை பரவிய பழைய அச்சில் வரிகளைக் குழப்பிவிடும். அப்போது வெட்டி அடுக்குவதை விட்டு, ஓரத்து வெள்ளையை மட்டும் நீக்கும் முறைக்கு மாறுங்கள். எதுவானாலும் முதலில் 10 பக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு முழுப் புத்தகத்தையும் கொடுங்கள்.

படத்தை உண்மையான எழுத்தாக்கவும் வழி உண்டு. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை அடையாளம் கண்டு எழுத்தாகத் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும், அதற்குச் சில பக்கங்களாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். காலுக்குப் பதில் ரகரம் வரும். பழைய ‘லை’, ‘னை’ வடிவங்களில் அச்சான நூலில் பிழை மலியும். ஒரு கட்டுரைக்கு இந்த வேலை தகும். முழு நாவலுக்கு இதில் இறங்குவதை விட, ஸ்கேனையே வாசித்து முடித்துவிடலாம்.

படி 5: பாமினிக் கோப்பு

முழுவதையும் தெரிவு செய்து நகலெடுத்து, இணையத்தில் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றி ஒன்றில் ஒட்டினால் தமிழாகிவிடும். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து ‘தமிழாகி’ உளறலாக நிற்கும், அதைக் கையால் திருத்த வேண்டும். பிறகு வேர்ட் ஆவணமாகச் சேமித்து அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 6: நீங்களே ஓர் ஈபப் செய்வது

கலிபர் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். கோணேசர் பதிகத்தையே எடுத்துக்கொள்வோம். திருஞானசம்பந்தர் பாடிய அது மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. மதுரைத் திட்டத்தில் அந்தத் திருமுறை எழுத்தாகவே கிடைக்கும். ‘கோணமலை’ என்று தேடிப் பதிகத்தைப் பிடியுங்கள். அதை நகலெடுத்து லிப்ரே ஆபிஸிலோ வேர்டிலோ ஒட்டுங்கள். பதிகத்தின் பெயரைத் தெரிவு செய்து ‘ஹெடிங் 1’ பாணியைக் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் போதாது. அந்தப் பாணி இருந்தால்தான் பொருளடக்கம் உருவாகும். ஈழத்தின் மற்றப் பாடல் பெற்ற தலமான திருக்கேதீச்சரத்தின் பதிகம் இரண்டாம் திருமுறையில் சம்பந்தருக்கும், ஏழாம் திருமுறையில் சுந்தரருக்கும் உண்டு. அவற்றையும் கீழே ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் அதே பாணியில் தலைப்புப் போடுங்கள். டாக்எக்ஸ் வடிவில் சேமியுங்கள்.

இனிக் கோப்பைக் கலிபருக்குள் இழுத்துப் போடுங்கள். மாற்றுவதற்கு முன் விவரங்களைத் திருத்தும் பெட்டியைத் திறந்து, தலைப்பையும் ஆசிரியரையும் தமிழில் எழுதி, மொழிக்கான கட்டத்தில் தமிழைத் தெரிவு செய்யுங்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் கருவி நூலை ஆங்கிலமாக நினைக்கக்கூடும். பிறகு ‘கன்வர்ட் புக்ஸ்’ பொத்தானை அழுத்தி ஈபப்பைத் தெரிவு செய்யுங்கள். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தால், தோற்றத்துக்கான பகுதியில் பத்திகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நீக்கும் பெட்டியில் சரி போட்டு மறுபடி மாற்றுங்கள். வந்த ஈபப்பைப் படி 2 இல் சொன்னபடி ஏற்றுங்கள். அம்மம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம், ஒரு வரியும் ஓரத்தில் வெட்டுப்படாது.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. டெலிகிராம் குழுக்களில் சுற்றும் புதிய நாவல்களின் ஸ்கேன்களை எடுக்காதீர்கள். முந்நூறு பிரதி அச்சடித்து அதையும் விற்க முடியாமல் நிற்கிற எழுத்தாளரிடம் போய்த் திருடுவது என்ன நியாயம்?

கடைசியாக, நம் ஊருக்கு மட்டும் சில

கொழும்பு பஸ் ஏறுவதற்கு முன், நூல் உண்மையாகவே கருவிக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கிண்டிலில் அட்டைப்படம் தெரிவது மட்டும் போதாது, நூல் இன்னும் அமேசானின் இணையச் சேமிப்பிலேயே (கிளவுட்) இருக்கலாம். இறங்கியவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு வைஃபையை அணையுங்கள். கந்தளாய் தாண்டிக் காட்டுப் பாதையில் போய்த் தேடிப் பயனில்லை. வைஃபை அணைந்திருந்தால் பற்றரியும் கூடுதலாக நிற்கும்.

வெயிலில் திரை இன்னும் தெளிவாகத் தெரியும், போன் போல இருண்டு போகாது. அதற்காகக் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் நிலாவெளி மணலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். கிண்டில் வேலை செய்ய அமேசான் சொல்லும் மேல்வரம்பு 35 பாகை செல்சியஸ். மூடிய வாகனத்துக்குள் அதைத் தாண்டச் சொற்ப நேரம் போதும். தண்ணீர் புகாது என்ற நம்பிக்கையும் அளவோடு இருக்கட்டும். 2018 இல் வந்த பேப்பர்வைட் நன்னீரில் 2 மீற்றர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும், கடல்நீரிலோ 0.25 மீற்றரில் 3 நிமிடம்தான். அலை நனைத்துவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் சார்ஜ் போடுங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பிடிஎஃப்களை இதில் ஏற்ற வேண்டாம். வண்ணப் படமும் பெரிய பக்கமும் உள்ள அவை டேப்லெட்டுக்கு உரியவை. கட்டுரைக்கும் பேச்சுப் போட்டிக்கும் மேற்கோள் சேர்க்கத்தான் கிண்டில் உதவும். வாசிக்கும்போது வரியை இழுத்துக் கோடிட்டால் அது ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் நூலின் பெயரோடு சேரும். கேபிளால் செருகி, ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில் அதைத் திறந்து, வேண்டியதை நகலெடுத்துக்கொள்ளலாம். ஸ்கேன் படத்தில் மட்டும் இது நடக்காது.