டிஸ்லெக்சியா (வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) உள்ள மாணவருக்கு வாசிக்கச் சொல்லித் தருவது

முதலில் புத்தகத்தை மூடி வையுங்கள். ‘படம்’ என்று நீங்கள் சொல்ல, ப‑ட‑ம் என்று அவர் கைதட்டிப் பிரிக்கட்டும். இது பழகிய பிறகுதான் எழுத்து. ன, ண இரண்டையும் ஒரே நாளில் காட்டாதீர்கள், ஒன்று பதியட்டும். மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். தமிழில் பெரிய தொல்லை கொம்புதான்: ‘கெ’யில் அது முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும், ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் குறி, அதனால் முழுவதையும் ஒரே வண்ணத்தில் ஒரே எழுத்தாகவே காட்டுங்கள். தினமும் கொஞ்ச நேரம் போதும், ஆனால் தினமும். அப்புறம், வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே கொடுத்துவிடலாமே.