'அப்ரப்ட்' (abrupt) என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே போடலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். எதைப் பார்த்தாலும் 'சடன்' (sudden, திடீர்) என்பார்கள். அதற்குப் பதில் 'அப்ரப்ட்' என்று சொல்லிக் கொடுத்தால், அடுத்த கட்டுரையில் இடிச்சத்தம்கூட 'அப்ரப்ட்' ஆகிவிடுகிறது! அதனால் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில், ஒரே ஒரு கேள்வி: ஏற்கெனவே ஏதாவது நடந்துகொண்டிருந்ததா? இது 'முறித்துப் பிரித்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். 'இன்டரப்ட்', 'பாங்க்ரப்ட்' எல்லாம் இதன் பங்காளிகள். ஆகவே நடந்துகொண்டிருந்த ஒன்று வெடுக்கென்று முறிய வேண்டும், அல்லது சட்டென்று மாற வேண்டும். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், பால் மழைநீரோடு போய்விடும், வேலை நின்றுவிடும். 'த டேப்பிங் கேம் டு அன் அப்ரப்ட் ஸ்டாப்.' பொருத்தமான வாக்கியம். இடிச்சத்தம் எதையும் முறிக்கவில்லை, சும்மா வந்தது. அதற்கு 'எ சடன் நாய்ஸ்' போதும். திடீர் மரணத்துக்கும் 'சடன் டெத்' தான்.

அடுத்து, எந்தச் சொல்லோடு சேரும்? எண்ட், ஹால்ட், சேஞ்ச், டிபார்ச்சர். முன்னால் 'எ' வராது, 'அன்' வரும். வினையோடு சேர்க்க 'ஸ்டாப்ட் அப்ரப்ட்லி'. உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில்; கடைசியில் 'டு' என்று இழுக்காதீர்கள். மலாய் மொழியில் விலை திடீரென்று ஏறினால் 'மெண்டாடாக்' என்போமே, அதை அப்படியே 'அப்ரப்ட்' ஆக்கவும் வேண்டாம். அங்கே 'எ ஷார்ப் ரைஸ்' தான் இயல்பாக இருக்கும்.

அப்புறம் ஆட்களைப் பற்றியும் சொல்லலாம். பலரும் கவனிக்காத பொருள் இதுதான். தோட்டத்து ஆபீஸில் சம்பளச் சீட்டு கேட்கிறீர்கள். கிராணி (எழுத்தர்) நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வா" என்கிறார். 'ஹி வாஸ் அப்ரப்ட் வித் மீ.' இதை 'ரூட்' (rude) என்று எழுதிவிடாதீர்கள், அந்தச் சொல்லுக்கு மரியாதைக் குறைவாக நடப்பவர் என்று பொருள். 'அப்ரப்ட்' ஆக இருப்பவர் வேலை நெருக்கடியில் பேச்சை வெட்டியிருக்கலாம். கட்டுரையில் ஒரு பாத்திரத்தைக் காட்ட இந்த வித்தியாசம் ரொம்ப உதவும்.

செங்குத்தாக எழும் நிலத்துக்கும் இதே சொல் உண்டு. ஈப்போ போகும் வழியில் சுண்ணாம்புக்கல் மலைகளைப் பார்த்திருப்பீர்கள்; சமவெளியிலிருந்து சுவர் மாதிரி எழும்பி நிற்கும். 'த ஹில்ஸ் ரைஸ் அப்ரப்ட்லி ஃப்ரம் த ப்ளெய்ன்.'

சரி, நீங்களே செய்து பாருங்கள். பேச்சாளர் பாதியில் மேடையை விட்டு இறங்கினார், நாய் குரைத்தது, பஸ் பிரேக் போட்டு நின்றது. இவற்றில் எதற்கு 'அப்ரப்ட்' வரும்? முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும். நாய்க்கு 'சடன் பார்க்' என்றே எழுதுங்கள்.