லினக்ஸ் கணினியைச் சரிசெய்யப்போய் நாம் செய்யும் தவறுகள்

கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தட்டுகிறோம். திரை ஒரு கணம் கறுக்கிறது. பிறகு அதே நுழைவுத் திரை மறுபடியும் வந்து நிற்கிறது. எத்தனை முறை தட்டினாலும் இதே கதை. என் நண்பர் ஒருவர் இந்த நிலையில் இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, கடைசியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் புதிதாக நிறுவிவிட்டார். அவசரத்தில் வட்டை முழுவதும் அழிக்கும் தேர்வைச் சொடுக்கியதால் மூன்று ஆண்டுப் புகைப்படங்களும் சேர்ந்து போயின. ‘இடம் குறைவாக இருக்கிறது’ என்ற எச்சரிக்கை முந்தைய நாள் முழுக்க வந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் என்னிடம் சொன்னார். வட்டு நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

தெரிந்தவர்களின் லினக்ஸ் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். என்னிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் அவற்றில் இரண்டு கோளாறுகள் இருக்கும். முதலாவது சிறியது. அதைச் சரிசெய்யப்போய் வரவழைத்துக்கொண்ட இரண்டாவதுதான் பெரியது. அந்த இரண்டாவது கோளாறு எப்படியெல்லாம் வருகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நிரம்பிய வட்டும் சுழலும் நுழைவுத் திரையும்

மேசைத்தளம் தொடங்கும்போது பயனரின் ஹோம் கோப்புறையில் சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். வட்டில் இடமில்லாவிட்டால் எழுத முடியாது; தொடங்கிய அமர்வு சரிந்து நுழைவுத் திரைக்கே திரும்பிவிடும். கடவுச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இந்த நேரத்தில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துகள் மட்டுமே உள்ள கன்சோல் திறக்கும். அங்கே உள்நுழைந்து ‘டிஎஃப் -ஹெச்’ கட்டளையை இட்டால் வட்டின் எந்தப் பகிர்வு, அதாவது எந்தப் பகுதி, நூறு சதவீதத்தைத் தொட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் எனப்படும் நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. அதனால்தான் நமக்கு வட்டு நிரம்பிவிட்ட பிறகும் நிர்வாக வேலைகளைச் செய்ய முடிகிறது.

தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. பெரிதாகத் தெரிகிற எதையாவது அழித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் கணினியின் சொந்தக் கோப்புறைகளுக்குள் கை வைக்கிறோம். குறிப்பாக, கணினியைத் தொடங்கும் கோப்புகள் உள்ள பூட் பகிர்வு தனியாக இருக்கும் கணினிகளில், இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலின் பழைய கோப்புகள் சேர்ந்து அது அடைபடும்போது, அந்தக் கோப்புகளைக் கையாலேயே அழித்துவிடுகிறார்கள். மென்பொருள் தொகுப்புகளை நிறுவி நீக்கும் தொகுப்பு மேலாளரின் கணக்கில் அந்தக் கெர்னல்கள் இன்னும் நிறுவப்பட்டவையாகவே இருக்கும். அடுத்த புதுப்பிப்பில் பிழை மேல் பிழையாக வரும். இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலையே தவறி அழித்துவிட்டால் மறுநாள் கணினி தொடங்காது. உபுண்டு, டெபியன் குடும்பத்தின் தொகுப்பு மேலாளர் ஆப்ட்; அதன் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கட்டளை இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ‘ஆப்ட் கிளீன்’ பதிவிறக்கிய தொகுப்புகளின் சேமிப்பைக் காலி செய்யும். கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிவேடும் இடத்தைத் தின்னும்; அதன் இயல்பான உச்ச வரம்பு வட்டின் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி. ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையின் வேக்கியூம் தேர்வால் அதைச் சுருக்கலாம்.

இன்னும் இரண்டு சூட்சுமங்கள் உண்டு. இடம் மிச்சமிருப்பதாக டிஎஃப் காட்டும். ஆனாலும் ‘இடமில்லை’ என்ற பிழை வரும். அப்போது ஐநோடுகள், அதாவது கோப்புக்கு ஒன்றாக வேண்டிய பதிவிடங்கள், தீர்ந்திருக்கலாம். கோடிக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால் இப்படி ஆகும். ‘டிஎஃப் -ஐ’ அதைக் காட்டும். மற்றொன்று, பெரிய கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பாமல் இருப்பது. ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை கெர்னல் அந்த இடத்தை விடுவிக்காது. நிரலை மூடினால் இடம் வந்துவிடும். இது தெரியாமல் அடுத்தடுத்த கோப்புகளை அழித்துக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வட்டில் இடமிருந்தும் நுழைவுத் திரை சுழன்றால், ஹோம் கோப்புறையில் உள்ள மறைகோப்புகளின் உரிமையாளர் யார் என்று ‘எல்எஸ் -எல்ஏ’ இட்டுப் பாருங்கள். எக்ஸ்அத்தாரிட்டி என்ற கோப்பின் உரிமையாளராக ரூட் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. என்றோ ஒருநாள் வரைகலைச் செயலி ஒன்றை, ரூட் அதிகாரம் தரும் சுடோ கட்டளையைப் போட்டு இயக்கியிருப்பீர்கள். அந்த ஒரு கோப்பின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும்.

777 என்னும் மூன்று இலக்கங்கள்

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று கணினி சொன்னதும், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடும் சிஹெச்மோட் 777-ஐத் தேடிப் போகிறோம். அதையும் உட்கோப்புறைகள் அனைத்துக்கும் பரவும்படி இடுகிறோம். நான் இதைச் செய்திருக்கிறேன் என்பதால் விளைவை விரிவாகச் சொல்ல முடியும். அச்சுப்பொறி அமைப்புக் கோப்பு ஒன்றைத் திருத்த முடியவில்லை என்று, அமைப்புக் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடிசி கோப்புறை முழுவதற்கும் 777 கொடுத்தேன். அடுத்த கட்டளையிலேயே சுடோ வேலை செய்ய மறுத்துவிட்டது. சுடோ உரிமை யாருக்கு என்று சொல்லும் சுடோயர்ஸ் கோப்பு யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியதாக இருந்தால் சுடோ அதை நம்பாது, நம்பவும் கூடாது. செய்த தவறைத் திருத்துவதற்குத் தேவையான சாவியே என் கையைவிட்டுப் போயிருந்தது.

நிரல்கள் இருக்கும் யுஎஸ்ஆர் கோப்புறையில் இதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசம். சுடோ, பாஸ்வேர்டு மாற்றும் நிரல் போன்றவை ரூட் அதிகாரத்தோடு இயங்குவதற்கு செட்யுஐடி என்ற சிறப்புக் குறி வேண்டும். 777 அந்தக் குறியைத் துடைத்துவிடும். ஹோம் கோப்புறையில் செய்தால் வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், ‘உன் ரகசியத் திறவுகோல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது’ என்று சொல்லி அதைப் பயன்படுத்த மறுக்கும். முன்பு எந்தக் கோப்புக்கு எந்த அனுமதி இருந்தது என்று சிஹெச்மோட் பதிந்து வைக்காததால் இதற்கு எளிதாகப் பின்வாங்கும் வழியும் கிடையாது. வட்டில் உள்ள லினக்ஸ் இல்லாமலே கணினியை இயக்கும் லைவ் யுஎஸ்பியில் தொடங்கி, ஒவ்வொரு தொகுப்பாக மறுநிறுவல் செய்து மீட்க எனக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. தேவைப்பட்டதோ ஒரு கோப்பைத் திறக்கும்போது மட்டும் சுடோ போட்டுத் திருத்துவது.

தொகுப்பு மேலாளரோடு சண்டை வேண்டாம்

எதையோ நிறுவப் போகும்போது, ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் நிறுவாமல் தடுக்கும் பூட்டைப் பெற முடியவில்லை என்று ஆப்ட் சொல்லும். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்ற அறிவுரை எங்கும் இறைந்து கிடக்கிறது. இதைவிட ஆபத்தான அறிவுரை குறைவு. பூட்டு அந்தக் கோப்பின் இருப்பில் இல்லை. கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரலின் பெயரில் கெர்னல்தான் பூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. கோப்பை அழித்தால் முதல் நிரலுக்கு எதுவும் தெரியாது. இரண்டாவது நிரல் அதே பெயரில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, தானும் பூட்டிக்கொள்ளும். இப்போது இரண்டு பேர் ஒரே பேரேட்டில் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். முதல் நிரல் செத்துப்போயிருந்தால் பூட்டு தானாகவே விலகியிருக்கும் என்பதால், கோப்பை அழிக்க வேண்டிய தேவையே வராது. பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்; காத்திருங்கள். பாதியில் மின்சாரம் போய் நின்றிருந்தால் ‘டிபிகேஜி’ கட்டளையின் கன்ஃபிகர் தேர்வு விட்ட இடத்திலிருந்து முடித்துக் கொடுக்கும்.

நிறுவும்போது ‘இவையெல்லாம் நீக்கப்படும்’ என்று வரும் பட்டியலைப் படிக்காமல் ஒய் விசையை அழுத்துவது அடுத்த தவறு. 2021-இல் புகழ்பெற்ற யூடியூபர் ஒருவர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப்போய், மேசைத்தளம் முழுவதையும் இழந்தார். அங்கே வெறும் ஒய் போதவில்லை; ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்று பொருள்படும் முழு வாக்கியத்தையே தட்டச்சுச் செய்யும்படி ஆப்ட் கேட்டது. அவரும் செய்தார். எந்தத் தொகுப்புக்கு எது தேவை என்ற சார்பு விவரங்களில் இருந்த பிழைதான் மூலகாரணம், அவர் அல்லர். ஆனாலும் நீக்கப்படப் போகும் தொகுப்புகளின் பட்டியல் கண்ணெதிரே இருந்தது.

பைதான் நிரல்மொழியிலும் இதே கதை. உபுண்டுவில் மேசைத்தளக் கருவிகள் சில கணினியோடு வரும் பைதானை நம்பி இருக்கின்றன. அதை அகற்றினாலோ, பைதான்3 என்ற பெயரை வேறு பதிப்புக்குத் திருப்பினாலோ டெர்மினல்கூடத் திறக்காமல் போகலாம். டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், கணினியின் பைதானுக்குள் பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் நேரடியாக எதையும் நிறுவ மறுக்கிறது. அந்தத் தடையை உடைக்கும் தேர்வும் இருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல், கணினியின் பைதானிலிருந்து ஒதுங்கிய மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் உங்களுக்கு வேண்டியதை நிறுவிக்கொள்ளுங்கள். டெபியனின் நிலையான பதிப்பில் சோதனைப் பதிப்பின் களஞ்சியங்களை (தொகுப்புகள் இறங்கும் இடங்களை) கலப்பதும், ஆர்ச் என்ற லினக்ஸ் வகையில் தொகுப்புப் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு தொகுப்பை நிறுவுவதும் இதே வகைத் தவறுகள்.

பதிவேட்டை எப்படிப் படிக்கக் கூடாது

கணினி உறைந்து மறுதொடக்கம் செய்த பிறகு, ‘ஜர்னல்சிடிஎல் -பி -1’ என்று இட்டால் முந்தைய அமர்வின் பதிவுகள் வரும். இங்கே ‘பி’ என்பது பூட். இதைப் பார்க்காமல் அனுமானத்தில் மாற்றங்கள் செய்வது தவறு என்று பலருக்கும் தெரியும். பார்த்தவர்கள் செய்யும் தவறு வேறு: முதலில் கண்ணில் படும் சிவப்பு வரியைப் பிடித்துக்கொண்டு அதைச் சரிசெய்யக் கிளம்பிவிடுகிறார்கள். முழு ஆரோக்கியத்தோடு ஓடும் கணினியிலும் ஏசிபிஐ (மின் மேலாண்மை), புளூடூத் பற்றிய சிவப்பு வரிகள் ஒவ்வொரு தொடக்கத்திலும் வருவது சாதாரணம். கோளாறு நடந்த மணியையும் நிமிடத்தையும் குறித்துக்கொண்டு, அதை ஒட்டி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நல்ல நாளின் பதிவேட்டிலும் அதே வரி இருந்தால் அதை விட்டுவிடலாம்.

கோளாறு கணினியுடையதா, உங்கள் அமைப்புகளுடையதா என்று தெரியவில்லையா? புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் பழுது உங்கள் ஹோம் கோப்புறையில், பெரும்பாலும் கன்ஃபிக் என்ற மறைகோப்புறைக்குள் இருக்கிறது. அப்போதும் அதை அழிக்காதீர்கள். பெயரை மாற்றி வையுங்கள். இந்த ஒரு சோதனை எனக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சமல்ல.

கறுப்புத் திரை, உறைந்த திரை

புதுப்பிப்புக்குப் பிறகு திரை கறுத்துப் போனால் பழைய கெர்னல் இன்னும் கணினியில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் குரப் எனப்படும் தொடக்கப் பட்டியலை வரவழைத்து, மேம்பட்ட தேர்வுகளில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் திரை வந்தால், புதிய கெர்னலுக்கான கிராஃபிக்ஸ் டிரைவர் தயாராகவில்லை என்று கருதலாம். என்விடியா டிரைவரை உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் களஞ்சியத்திலிருந்து ஒருமுறையும், நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பால் இன்னொரு முறையும் நிறுவியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஏதாவது ஒரு வழியில் மட்டும் நில்லுங்கள், களஞ்சியமே மேல். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது என்பதையும் பாருங்கள்.

திரை உறைந்தால் உடனே மின்பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். முதலில் எழுத்துக் கன்சோலுக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ (பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன்) விசைகளைப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று நிதானமாக ஒவ்வொன்றாக அழுத்துங்கள். வட்டில் எழுத வேண்டியதை எழுதி, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என மாற்றி, மறுதொடக்கம் செய்யும். இதற்கு முன்பாக ஆர், இ, ஐ ஆகிய எழுத்துகளையும் சொல்வார்கள். உபுண்டுவின் இயல்பான அமைப்பில் அவை செயல்படாது. பிறகு கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்ட நினைத்தால், இணைக்கப்பட்டிருக்கும் பகிர்வில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். நல்ல கோப்பு முறைமையையும் அது குலைத்துவிடும்.

விண்டோஸும் கூடவே இருக்கும் கணினியில் நேரம் முன்பின்னாகக் காட்டினால் கடிகாரப் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸ் பகிர்வில் எழுத முடியாவிட்டால் அங்கே ‘வேகத் தொடக்கம்’ வசதியை அணையுங்கள். அது பகிர்வை முழுமையாக மூடாமல் விட்டுவிடுகிறது. ஒலி வராதபோது பழைய குறிப்புகளைப் பார்த்துப் பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச்சேவையை நீக்கி நிறுவுவதும் வேண்டாம். ஃபெடோரா 34, உபுண்டு 22.10 முதல் அந்த இடத்தில் பைப்வயர் இருக்கிறது. ஒலி எச்டிஎம்ஐ வழியாகத் திரைக்குப் போகிறதா என்று அமைப்புகளில் பார்த்தாலே பல நேரம் விடை கிடைத்துவிடும்.

கடைசியாக, எஃப்எஸ்டேப் கோப்பு. தொடங்கும்போது எந்தப் பகிர்வை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு இது. புதிய வட்டை அதில் சேர்த்து ஓர் எழுத்து பிழைத்தாலோ, பிறகொருநாள் அந்த வட்டைக் கழற்றிவிட்டாலோ, சிஸ்டம்டி 90 விநாடிகள் காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் நின்றுவிடும். திருத்துவதற்கு முன் கோப்பை நகலெடுத்து வையுங்கள். வெளிவட்டுக்கான வரியில் ‘நோஃபெயில்’ என்ற தேர்வைச் சேருங்கள். வட்டு இல்லாவிட்டாலும் கணினி தொடங்கும். திருத்திய பின் ‘ஃபைண்ட்எம்என்டி’ கட்டளையின் வெரிஃபை தேர்வால் சரிபார்த்து, ‘மௌண்ட் -ஏ’ இட்டுப் பாருங்கள். பிழை எதுவும் வராமல் வட்டு இணைந்த பிறகு மறுதொடக்கம் செய்யுங்கள்.