செயற்கை சைக்கடெலிக் பொருள்களின் ஆபத்தை ஒப்பிடுவது எப்படி

புலனுணர்வையும் எண்ணத்தையும் மாற்றும் போதைப்பொருள்களான சைக்கடெலிக்குகளில், ஒரு செயற்கை வகை மற்றொன்றைவிட ஆபத்துக் குறைந்ததா என்று கேட்பவர், அந்த இரண்டைப் பற்றியும் உலகுக்கு எவ்வளவு தெரியும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் தயாரித்த எல்எஸ்டியின் மனவிளைவு 1943இல் தெரியவந்தது. அதன்பின் பல்லாண்டுகளாக மருத்துவ ஆய்வுகளும் நச்சுப் பதிவுகளும் சேர்ந்துள்ளன. என்பிஓஎம்இ என்ற வகையைச் சேர்ந்த 25ஐ-என்பிஓஎம்இ என்ற பொருள் அப்படிப்பட்டதன்று. மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளின் செய்தியைப் பெறும் ஏற்பிகளை ஆராய்வதற்காக 2003இல் ஜெர்மானிய ஆய்வகம் ஒன்றில் உருவான அது, மனிதரிடம் முறையான பாதுகாப்புச் சோதனை எதுவும் நடைபெறாமலே, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தைக்கு வந்தது. ஆகவே ‘இதனால் இறந்தவர் இல்லை’ என்று ஒரு புதிய பொருளைப் பற்றி யாரேனும் சொன்னால், அதை யாரும் இன்னும் தேடிப் பார்க்கவில்லை என்று மட்டுமே பொருள் கொள்ள வேண்டும்.

அடுத்து, விளைவு தரும் அளவுக்கும் உயிருக்கு ஆபத்தான அளவுக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிடுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் எட்டுப் பேர் எல்எஸ்டித் தூளைக் கோகெய்ன் என்று எண்ணி மூக்கால் உறிஞ்சிய நிகழ்வு 1974இல் மருத்துவ இதழொன்றில் பதிவானது. நினைவிழப்பு, கடும் உடல் வெப்பம், சிலருக்கு மூச்சுத் தடை என்று நிலைமை முற்றியபோதும், மருத்துவமனைச் சிகிச்சையால் எட்டுப் பேரும் பிழைத்தனர். எல்எஸ்டியின் இடைவெளி பெரியது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவோர், சிகிச்சை கிடைத்ததால்தான் அவர்கள் பிழைத்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்பிஓஎம்இ வகையில் அந்த இடைவெளி குறுகியது. வலிப்பு, கட்டுக்கடங்காத உடல் வெப்பம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றால் பலர் இறந்துள்ளனர். புரோமோ-டிராகன்ஃபிளை என்ற மற்றொரு செயற்கை சைக்கடெலிக் இரத்தக்குழாய்களை நெடுநேரம் சுருக்கி, கை கால் விரல்களின் திசுவையே அழுகச் செய்யக்கூடியது. ‘சைக்கடெலிக்’ என்ற ஒரே சொல்லின்கீழ் இவற்றையெல்லாம் அடக்குவது என் பார்வையில் பெரும் தவறு.

உடல் நச்சையும் நடத்தை ஆபத்தையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். உடலுக்கு நச்சுக் குறைந்த பொருளை உட்கொண்டவரும் குழப்பத்திலோ பீதியிலோ சாலையில் இறங்கலாம், உயரத்திலிருந்து விழலாம். விளைவு தொடங்கும் வேகமும் இங்கே முக்கியம். 1967இல் எஸ்டிபி என்ற பெயரில் பரவிய டிஓஎம் என்ற செயற்கை சைக்கடெலிக் மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நீடிப்பது. ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணி மீண்டும் உட்கொண்டவர்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

நடைமுறையில் இந்த ஒப்பீட்டையெல்லாம் குலைத்துவிடுவது அடையாளச் சிக்கல். என்பிஓஎம்இ பலமுறை எல்எஸ்டி என்ற பெயரில், மருந்தை ஊறவைத்த சிறு ஒற்றுத்தாளில் விற்கப்பட்டுள்ளது. இரண்டுமே மிகச் சிறிய அளவில் செயல்படுவதால் கண்ணால் வேறுபாடு காண இயலாது. நிறமாற்றத்தால் பொருளைச் சோதிக்க உதவும் எர்லிக் வினைப்பொருள் எல்எஸ்டியோடு ஊதா நிறம் தரும், என்பிஓஎம்இயோடு தராது. ஆனால் ஊதா நிறம் வந்துவிட்டது என்பதற்காக நிம்மதி அடைவதற்கில்லை. எவ்வளவு இருக்கிறது, வேறென்ன கலந்திருக்கிறது என்பதை அந்த நிறம் சொல்லாது. அதற்கு ஆய்வகப் பகுப்பாய்வு தேவை. எந்த ஒப்பீட்டு அட்டவணையும் தூய பொருளைப் பற்றியது, கையிலிருக்கும் தாளைப் பற்றியதன்று.

அட்டவணைகளைப் படிக்கும்போது அவை எதை அளக்கின்றன என்று பாருங்கள். பிரிட்டன் மருந்தியலாளர் டேவிட் நட்டும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு 20 பொருள்களை 16 அளவுகோல்களால் மதிப்பிட்டது. மதுவுக்கு 72, எல்எஸ்டிக்கு 7 என்று மதிப்பெண் வந்தது. அது சமூகம் முழுவதற்கும் நேரும் தீங்கின் கணக்கு. பரவலாகப் பயன்படும் பொருளுக்கு மதிப்பெண் உயர்வது இயல்பு. ஒரு தனிமனிதருக்கு ஒரு முறையில் நேரக்கூடியதை அது கூறுவதில்லை. மருத்துவச் சோதனைகளின் நல்ல முடிவுகளும் அப்படித்தான்: மனச்சிதைவு போன்ற மனநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களை விலக்கி, பயிற்சி பெற்றோர் அருகிலிருக்க நடந்தவை அவை.

உட்கொள்பவரின் மருந்துகளையும் விட்டுவிடக் கூடாது. மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்தை எடுப்பவர்கள் எல்எஸ்டியையும் உட்கொண்டபோது வலிப்புக்கு ஆளானதாகப் பதிவுகள் உள்ளன. 5-எம்இஓ-டிஎம்டி என்ற சைக்கடெலிக்கை, மோனோஅமீன் ஆக்சிடேஸ் எனும் நொதியைத் தடுக்கும் மருந்துகளோடு சேர்ப்பது உயிரைப் பறிக்கக்கூடும்.

யாருக்கேனும் வலிப்பு, கொதிக்கும் உடல், விறைத்த தசை, நினைவிழப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், தெளியட்டும் என்று காத்திராமல் உடனே ஆம்புலன்சை அழையுங்கள். நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் ‘எல்எஸ்டி எடுத்தார்’ என்று உறுதியாகச் சொல்லாமல், ‘எல்எஸ்டி என்று சொல்லிக் கொடுக்கப்பட்டதை எடுத்தார்’ என்று சொல்லுங்கள். வேறொரு பொருளாக இருக்கலாம் என்று அவர் தேடத் தொடங்க அது உதவும்.