விண்ணப்பத்தோடு எதையெல்லாம் அனுப்பக் கூடாது?

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் அக்டோபர் வந்தால் பரணில் இருக்கும் ஃபைல்கள் எல்லாம் கீழே இறங்கிவிடும். எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியிலிருந்து போன வருஷ ஒலிம்பியாட் வரை அத்தனை சான்றிதழும் ஸ்கேன் ஆகும். "எதுக்கும் இருக்கட்டுமே மாமி, ஒண்ணா அனுப்பிடலாம்" என்று சொல்லாத அம்மாக்கள் குறைவு. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது நடக்கும் முதல் தவறு இதுதான்.

காமன் ஆப் என்பது பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம். அதிலேயே செயல்பாடுகளுக்கு 10 இடம், விருதுகளுக்கு 5 இடம், கட்டுரைக்கு 650 சொற்கள் வரை இருக்கின்றன. அங்கே சொல்ல முடியாததைக் காட்டினால் மட்டுமே, விண்ணப்பத்தோடு கூடுதலாக அனுப்பும் வீடியோ, கடிதம் போன்றவற்றுக்கு வேலை. உங்கள் பெண் வயலின் தேர்வில் தேறியதை ஒரு வரியில் எழுதிவிடலாம். அவள் எப்படி வாசிக்கிறாள் என்பதைக் கேட்டால்தான் தெரியும். சான்றிதழை விட்டுவிட்டு வாசிப்பை அனுப்புங்கள்.

அதற்கும் முன்னால், கல்லூரி கேட்கிறதா என்று ஒவ்வொன்றின் சேர்க்கைப் பக்கத்திலும் பாருங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதம்கூட பொதுவாக வாங்குவதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. காமன் ஆப்பிலேயே இல்லை. ஆனால் கையால் எதையாவது உருவாக்கிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு மேக்கர் போர்ட்ஃபோலியோ என்று தனி வழி வைத்திருக்கிறது. வேண்டாம் என்ற இடத்துக்கு அனுப்பினால், சொன்னதைப் படிக்காத பிள்ளை என்ற பெயர்தான் மிஞ்சும்.

நம் வீடுகளில் பெரிய சிக்கல் பரதநாட்டிய அரங்கேற்ற வீடியோ. இரண்டரை மணி நேர நிகழ்ச்சியில் முதல் சில நிமிடங்களை வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, பிறகு புஷ்பாஞ்சலியின் தொடக்கம். அதோடு அந்தச் சில நிமிடமும் முடிந்துவிடுகிறது. நிகழ்ச்சியின் மைய உருப்படியான வர்ணத்துக்குப் போங்கள். ஒரு தீர்மானமும் (ஜதிக்கு ஆடும் அடவுக் கோர்வை) அதை அடுத்து வரும் அபிநயமும் போதும். தாளக் கட்டும் பாவமும் அந்தச் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். பல கல்லூரிகளில் இதை நடனம், இசை கற்பிக்கும் பேராசிரியர்களே பார்க்கிறார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

அரங்கேற்றத்துக்கு வரும் வீடியோகிராபர்கள் அடவு நடக்கும்போது முகத்துக்கு ஜூம் போய்விடுவார்கள். முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியும் பாதமும் காணாமல் போகும். அதன்மேல் ஸ்லோ மோஷன், பூ விழும் எஃபெக்ட் வேறு. அதைவிட, பயிற்சிப் புடவையில், தலை முதல் கால் வரை தெரியும்படி, கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, வெட்டாமல் புதிதாக எடுத்த வீடியோ எவ்வளவோ மேல். மிருதங்கம் என்றால் கை தெரிய வேண்டும். பாட்டுக்கு வாசித்ததை விடத் மிருதங்கம் மட்டும் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் நல்லது. நடன அமைப்பு குருவுடையதென்றால் குறிப்பில் அப்படியே எழுதுங்கள். பிள்ளை தானாக அமைத்த கோர்வை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்பாவுக்குத் தெரிந்த எம்.பி., கம்பெனி டைரக்டர் கையெழுத்திட்ட கடிதங்கள் வேண்டவே வேண்டாம். பிள்ளையோடு உட்கார்ந்து வேலை செய்யாதவரால் 'நல்ல பையன், உழைப்பாளி' என்பதைத் தாண்டி எதுவும் எழுத முடியாது. பள்ளி ஆசிரியர்கள் பார்க்காத ஒரு பக்கத்தைப் பார்த்த பாட்டு வாத்தியாரோ, தாராவியில் மாலை வகுப்பு நடத்தும் அக்காவோ எழுதினால் அதற்கு மதிப்புண்டு. பணம் கட்டி வெளியிட்ட 'ஆராய்ச்சிக் கட்டுரை'யும் அப்படித்தான். அதைப் பற்றி நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்டால் பதினேழு வயசுப் பிள்ளை தவித்துப்போகும். அந்த நிலைமையில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது நியாயமே இல்லை.

கூகுள் டிரைவ் லிங்க் கொடுத்தால், லாகின் செய்யாத வேறொரு போனில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அனுமதி கேட்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள். தேதியிலும் கவனம் தேவை. சில கல்லூரிகளில் நடனம், இசை வீடியோ போன்ற கலைத் தொகுப்புக்கான கடைசி நாள் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடுகிறது. காமன் ஆப்பில் கடைசி நாள் நள்ளிரவு என்பது நம்மூர் நள்ளிரவுதான். அமெரிக்க நேரம் என்று எண்ணி, மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.