மின்தடை எங்கிருந்து வருகிறது: கம்பத்துப் பெஞ்சாவாங்கை அறிந்துகொள்ளும் முறை

பினாங்கின் பாலிக் பூலாவிலோ நிபோங் திபால் பக்கமோ இரவில் மின்சாரம் நின்றால், நாம் முதலில் அண்டை வீட்டு விளக்கைத்தான் எட்டிப் பார்க்கிறோம். அது சரியான தொடக்கமே. ஆனால், கண்டதன் பொருள் விளங்க வேண்டுமானால் மின்சாரம் வரும் பாதை தெரிந்திருக்க வேண்டும். (நம் நாட்டில் ஊரும் கம்பம், தூணும் கம்பம் என்பதால், இங்கே ஊரைக் கம்பம் என்றும் மற்றதைத் தூண் என்றும் எழுதுகிறேன். பெஞ்சாவாங் என்பது துணைமின் நிலையத்துக்கான மலாய்ச் சொல்.)

132 கிலோவோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரம் பெரிய துணைமின் நிலையத்தில் 33 அல்லது 11 கிலோவோல்ட்டாகக் குறைக்கப்படுகிறது. 33 ஆக வருவது இன்னொரு நிலையத்தில் 11 ஆகிறது. இறுதியாக, சாலையோரம் வேலிக்குள் நிற்கும் சிறிய பெஞ்சாவாங்கோ தூணில் ஏற்றிய மின்மாற்றியோ அதை 400 வோல்ட்டாக்கி, ஒரு முனைக்கு (ஃபேஸ்) 230 வோல்ட் வீதம் வீடுகளுக்குப் பிரித்தனுப்புகிறது. இந்தச் சிறு நிலையம் வீடுகளுக்கு அருகில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே அளவு மின்திறனை 400 வோல்ட்டில் அனுப்புவதைவிட 11,000 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் 27.5 மடங்கு குறைகிறது. கம்பி சூடாகி வீணாகும் ஆற்றலோ, அதே கம்பியில், ஏறத்தாழ 756 மடங்கு குறைகிறது. பெஞ்சாவாங்கிலிருந்து வெகுதொலைவில், வரிசையின் கடைசியில் இருக்கும் வீட்டில் மாலை நேரத்தில் விளக்கு மங்குவதும் இதனால்தான்.

ஆகவே பகலிலேயே ஒருமுறை நடந்து சென்று, உங்கள் வீட்டுக்கு வரும் கம்பி எந்தப் பெஞ்சாவாங்கிலிருந்து புறப்படுகிறது என்று பார்த்து, வேலிக்கு வெளியே நின்றபடி பலகையில் உள்ள பெயரையும், அருகிலுள்ள தூணின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலியைத் தொடவோ, உள்ளே விழுந்த பந்தை எடுக்கவோ வேண்டாம்.

மின்சாரம் நின்றதும், உங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தால் சுவிட்ச் பெட்டியைப் பாருங்கள், இ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்திருந்தால் எல்லாச் சிறு சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு, அதை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றும்போது எது மறுபடியும் விழச் செய்கிறதோ அந்தச் சுற்றில்தான் கோளாறு. வரிசையில் இடையிடையே சில வீடுகள் மட்டும் இருண்டிருந்தால், பெஞ்சாவாங்கிலிருந்து வரும் மூன்று முனைகளில் ஒன்று போயிருக்கலாம். பெரும்பாலும் ஒரு ஃபியூஸ்தான். கம்பம் முழுவதும் இருண்டு பக்கத்துக் கம்பத்தில் விளக்கு எரிந்தால், பெஞ்சாவாங்கிலோ அதற்கு வரும் 11 கிலோவோல்ட் கம்பியிலோ குறை இருக்கும். மின்சாரம் போய், சில நொடிகளில் வந்து, மறுபடி போனால், டுரியான் கிளையோ தென்னை மட்டையோ மேல்கம்பியில் உரசியிருக்கக்கூடும். தற்காலிகக் கோளாறா என்று தானியங்கி சுவிட்ச் ஓரிரு முறை சோதித்துப் பார்க்கும் அறிகுறி அது.

ஓர் அறிகுறியை மட்டும் அலட்சியப்படுத்தலாகாது. சில விளக்குகள் மங்க, வேறு சில அளவுக்கு மீறிப் பிரகாசித்தால், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். 230 வோல்ட்டுக்குப் பதிலாக அதைவிட மிக அதிகமான அழுத்தம் வீட்டுக்குள் வரலாம். காரணம் தேடாமல் மெயின் சுவிட்சை உடனே இறக்குங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் தயங்கிய இரண்டு நிமிடங்களில் ஒரு தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் போயின.

பிறகு மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழையுங்கள். “எங்கள் கம்பத்தில் கரண்ட் இல்லை” என்பதோடு நிறுத்தாமல், பெஞ்சாவாங்கின் பெயர், தூணின் எண், எத்தனை வீடுகள், முழுவதுமா பாதியா, எப்போதிலிருந்து என்பவற்றைச் சொன்னால், பழுதுபார்க்க வருபவர்கள் செம்பனைத் தோட்டத்துச் சாலைகளில் சுற்றித் தேட வேண்டியிராது. அறுந்த கம்பி தரையில் கிடந்தால் அதையே முதலில் சொல்லிவிட்டு, எவரையும் குறைந்தது 10 மீட்டர் தள்ளியே நிறுத்தி வையுங்கள்.