கிஃப்ட் கார்டு சலுகை: காசு கரையும் இடங்கள்

புரட்டாசி விரதம் முடிந்து தீபாவளிச் சாமான் வாங்கத் தொடங்கியதிலிருந்து, ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கிற வரை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கைக்காசு நிற்காது. நடுவில் பிளாக் ஃப்ரைடே, அப்புறம் கிறிஸ்மஸ். இந்த மாதங்களில்தான் கிஃப்ட் கார்டு சலுகைகளும் வரும்: இத்தனை ராண்டுக்குக் கார்டு வாங்கு, இவ்வளவுக்கு வவுச்சர் இலவசம். இங்குள்ள சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் புதிதாக இதில் இறங்குகிறவர்கள் வருஷா வருஷம் அதே பள்ளத்தில் விழுகிறார்கள். கார்டைத் தொலைக்காதே, பின் நம்பரை ஃபோனில் சொல்லாதே என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அதற்கு அடுத்த தவறுகளைப் பார்ப்போம்.

வவுச்சரையும் கார்டோடு சேர்த்துக் காசாக எண்ணுவது

மற்ற எல்லாத் தவறும் சில்லறை. இது ஒன்றுதான் குடும்பத்தின் பட்ஜெட்டையே கவிழ்க்கும். இத்தனை வருஷம் கழித்தும் இதைப் பார்த்தால் எரிச்சல் அடங்குவதில்லை.

காசு கொடுத்து வாங்கிய கார்டு வேறு, அதோடு ஒட்டிவந்த இலவச வவுச்சர் வேறு. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 63-ஆவது பிரிவு கார்டுக்குக் காவல். முழுத் தொகையும் செலவாகும் வரை, அல்லது கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம், இதில் எது முந்தியோ அதுவரை கார்டு செல்லும். கடை விரும்பினால் இன்னும் நீட்டிக் கொடுக்கலாம், குறைக்க முடியாது. செலவழிக்காத பணம் கார்டு வைத்திருப்பவருக்கே சொந்தம். இலவச வவுச்சருக்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை, அதனால் அந்த மூன்று வருஷம் அதற்குக் கிடையாது. அதில் அச்சடித்த தேதிதான் அதன் ஆயுசு.

ஒரு கணக்குப் போடுவோம். நவம்பர் கடைசியில் 2,000 ராண்டுக்குக் கார்டு வாங்குகிறீர்கள். 50 ராண்டு வவுச்சர் நான்கு தருகிறார்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் மூன்று நிபந்தனை: டிசம்பர் 1 முதல் 14 வரை மட்டும், ஒரு பில்லுக்கு ஒரு வவுச்சர், பில் குறைந்தது 250 ராண்டு. நீங்களோ ஜனவரியில் பிள்ளைகளுக்கு யூனிஃபார்மும் ஷூவும் வாங்கத்தான் கார்டு எடுத்தீர்கள். அதற்குள் வவுச்சர் நான்கும் செத்துப்போயிருக்கும். மிஞ்சுவது 2,000 கொடுத்து வாங்கிய 2,000. சலுகை பூஜ்யம்.

"ஐயோ, 200 ராண்டு வீணாகிறதே" என்று டிசம்பர் 13-ஆம் தேதி கடைக்கு ஓடுகிறவர்கள் அதைவிட மோசமாக மாட்டுகிறார்கள். நான்கு வவுச்சரையும் தீர்க்க நான்கு பில், ஆயிரம் ராண்டுக்குச் சாமான். வவுச்சர் போக 800 ராண்டு கையிலிருந்து போகும். அந்தச் சாமான் எப்படியும் வாங்கவேண்டிய அரிசி, எண்ணெய், சோப்பு என்றால் சரி. இல்லையென்றால் 200-ஐக் காப்பாற்ற 800 செலவு.

விழுக்காட்டையும் சரியாகப் போடுங்கள். 2,000-க்கு 200 என்றதும் பத்து விழுக்காடு என்கிறார்கள். அந்த ஆயிரம் ராண்டுச் சாமானுக்கு இதே கார்டிலிருந்து கட்ட விட்டால், 2,000 கொடுத்து 2,200-க்குப் பொருள். சேமிப்பு 9.1 விழுக்காடு. கார்டை ஜனவரிக்கு என்று ஒதுக்கிவிட்டு 800-ஐத் தனியாகக் கட்டினால், 2,800 கொடுத்து 3,000-க்குப் பொருள். 6.7 விழுக்காடுதான். சாதாரண ஸ்பெஷலிலேயே அந்தத் தள்ளுபடி கிடைத்துவிடும். ஆகவே கார்டு வாங்கும் முன்பே கேட்கவேண்டிய கேள்வி: வவுச்சரைச் செலவழிக்கிற பில்லுக்குக் கிஃப்ட் கார்டில் காசு கட்டலாமா?

அடுத்தது, எதற்கெல்லாம் செல்லாது என்ற பட்டியல். ஃபோன் ஏர்டைம், முன்பணம் கட்டும் கரண்ட் டோக்கன், சிகரெட், லோட்டோ, இன்னொரு கிஃப்ட் கார்டு ஆகியவை அனேகமாக எல்லாக் கடையிலும் விலக்கு. பலர் பார்க்கத் தவறுவது குழந்தைப் பால்மாவு. பேரக் குழந்தைக்கு இரண்டு டப்பா எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்த ஒரு ஆயாவிடம் கல்லாப் பெண், "ஆயா, இதுக்கு வவுச்சர் செல்லாது" என்றதும், "ஏம்மா, நானும் காசு கொடுத்துத்தானே கார்டு வாங்கினேன்" என்று அவர் வவுச்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர் அதில் ஒன்றும் செய்ய முடியாது. 2012-இல் வந்த R991 ஒழுங்குவிதிகள் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் மாவுக்குத் தள்ளுபடி, இலவசம் போன்ற விளம்பரச் சலுகைகளைத் தடுக்கின்றன. டப்பாக்களுக்கு வங்கிக் கார்டு, வவுச்சருக்குச் செல்லுகிற சாமானுக்குத் தனி பில் என்று பிரித்திருந்தால் அவர் வவுச்சரோடு திரும்பிப் போயிருக்க மாட்டார்.

கார்டு வாங்கும் முன் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள்: வவுச்சர் தேதிக்குள் நிச்சயமாக வாங்கப்போகிற சாமான் என்னென்ன, எத்தனை பில். எழுத ஒன்றுமில்லை என்றால் அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை.

900 ராண்டுக்குக் கார்டு எடுப்பது

ஒவ்வொரு 500-க்கும் 50 என்றால், 900-க்கும் 50-தான். 500-இல் நிறுத்துங்கள், அல்லது 1,000-க்குப் போங்கள்.

கடனில் வாங்குவது

வருஷத்துக்கு 20 விழுக்காடு வட்டி என்று வையுங்கள். 1,000 ராண்டை ஆறு மாதம் கட்டாமல் இழுத்தால் வட்டி 100. வவுச்சர் போயிற்று. கிரெடிட் கார்டின் வட்டியில்லாக் காலம் பல வங்கிகளில் 55 நாள் வரை. அதுவும் மாத பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்குத்தான்.

கல்லாவில் வரிசை மாறுவது

முதலில் கடையின் லாயல்டி கார்டு (தள்ளுபடியும் புள்ளியும் தருவது), பிறகு வவுச்சர், பிறகு கிஃப்ட் கார்டு, மிச்சத்துக்கு வங்கிக் கார்டு. இந்த வரிசையை முதல் சாமான் ஸ்கேன் ஆகும் முன்பே சொல்லிவிடுங்கள். குறைந்தபட்சத் தொகையைத் தள்ளுபடி கழித்த பிறகே பல கல்லாக்கள் பார்க்கும். பில் 258, லாயல்டி தள்ளுபடி 12 போனால் 246, வவுச்சர் ஏறாது. பின்னால் வரிசை முணுமுணுக்கும்போது ஓடிப்போய்ச் சாமான் தேட முடியாது. கூடையில் ஒரு பாக்கெட் ரொட்டி கூடுதலாக இருக்கட்டும்.

புள்ளி இரண்டு முறை விழும் என்று நம்புவது

கார்டு வாங்கும்போதா, கார்டைச் செலவழிக்கும்போதா, எப்போது புள்ளி தருகிறார்கள் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். வங்கிக் கார்டுக்கும் புள்ளி உண்டு என்றால், வங்கியின் கண்ணுக்குத் தெரிவது நீங்கள் காசு கட்டிய கல்லா மட்டுமே. துணிக்கடைக் கார்டை சூப்பர்மார்க்கெட் ரேக்கில் எடுத்தால் அது வங்கிக்கு சூப்பர்மார்க்கெட் செலவு. மளிகைக்கு அதிகப் புள்ளி தருகிற வங்கி என்றால் லாபம். ஆனால் கிஃப்ட் கார்டையே விலக்கிவைக்கிற விதிகளும் நிறைய. விதியைப் படிக்காமல் 3,000-க்கு வாங்காதீர்கள்.

ஸ்லிப்பைப் படிக்காமல் நகர்வது

கார்டு ரேக்கில் தொங்கும்போது வெறும் பிளாஸ்டிக். கல்லாவில் ஆக்டிவேட் ஆனால்தான் காசு. ஸ்லிப்பில் ஆக்டிவேஷன் வரி இருக்கிறதா, கார்டு நம்பரின் கடைசி நான்கு இலக்கம் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். பின் நம்பரை மூடிய சாம்பல் பட்டையில் நகக்கீறல் இருந்தாலோ, மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ அந்தக் கார்டு வேண்டாம். பிறகு கார்டின் இரண்டு பக்கத்தையும் ஸ்லிப்பையும் ஃபோட்டோ எடுங்கள். ஸ்லிப் அச்சாவது வெப்பத்தில் கறுக்கும் தாளில். பிப்ரவரி வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்தால் ஒரு எழுத்தும் மிஞ்சாது.

மூன்று வருஷம் இருக்கிறதே என்று பூட்டிவைப்பது

1858-இல் தொடங்கிய ஸ்டட்டாஃபோர்ட்ஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் கூட 2017-இல் கடையை மூடியது. சட்டப்படி அது உங்கள் பணமாகவே இருந்தாலும், கடை திவாலான பிறகு அதைக் கையில் வாங்க அலைய வேண்டும். மூன்று மாதத்துக்குள் செலவழிக்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

காலியான கார்டைக் குப்பையில் போடுவது

பொருளைத் திருப்பிக் கொடுத்தால், கார்டில் கட்டிய பணம் வழக்கமாகக் கார்டுக்கே திரும்பும். பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்க 56-ஆவது பிரிவு ஆறு மாதம் தருகிறது. அதுவரை காலிக் கார்டையும் ஸ்லிப்பையும் ஒரே கவரில் போட்டு, வாங்கிய தேதியை மேலே எழுதி வையுங்கள்.